நோரீனுக்காகப் போட்ட குளோவர்

என் மனைவி நோரீனுக்கு வலது கையும் காலும் விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் எங்கள் விஸ்கான்சின் மேட்டுப்பக்கத்தில் அவளைப் போலக் குறி பார்த்துச் சுடுகிறவர்கள் குறைவு. நவம்பர் வந்தால் மான் வேட்டைக்காக விடிவதற்குள் மரத்து மேல் ஏறி உட்கார்ந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் பின்கட்டு அறையிலேயே கிடந்தாள். போன வருஷம் இலையுதிர்காலத்தில் ஒருநாள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"எல்டன், நான் இனிமே... மானைத் தேடிப் போக முடியாது. அதுங்கள இங்க வர வையேன்."

வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் தரிசு இருந்தது. அதில் மான் விரும்பி மேயும் குளோவர் தீவனப்பயிரைப் போட நினைத்தேன். மண்ணைச் சோதித்துப் பார்த்ததில் புளிப்பேறிய மண் என்று வந்தது. சுண்ணாம்பு போடாமல் குளோவர் வேர் பிடிக்காது. அந்த அக்டோபரில் விடாத மழை. சேற்றில் டிராக்டர் இறங்கவில்லை. பாலாடைக்கட்டி ஆலையில் வேலையை முடித்துவிட்டு வந்து, தினம் நாலைந்து மூட்டையாகத் தோளில் சுமந்து கொட்டினேன். எனக்கு அறுபத்தொரு வயது. நோரீனின் தம்பி கிளீட்டஸ் வேலியோரம் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த நிலம் அவனுடையது.

"என்ன மச்சான், மானுக்கு ஓட்டல் தொறக்கறியா?"

"வாயப் பாத்துக்கிட்டு நிக்காம ஒரு மூட்டையத் தூக்குடா."

"எனக்கு இடுப்பு வலி. உனக்குத்தான் பொண்டாட்டி மேல ஆசை."

மார்ச்சில் பனி உருகியதும் விதைத்தேன். விடியற்காலைக் குளிரில் மண் வெடித்து வாய் திறந்திருக்கும். அப்போது தூவிவிட்டால் வெயில் ஏற ஏற மண்ணே விதையை விழுங்கிக்கொள்ளும். விதை தூவும் பையைக் கழுத்தில் மாட்டி, அதன் கைப்பிடியைச் சுற்றித் தூவியபடி மேலும் கீழும் நடந்தேன். அதை முடித்துவிட்டு ஆலைக்குப் போனால் நின்றபடியே தூக்கம் வந்தது.

மே கடைசியில் கணுக்கால் உயரத்துக்குப் பச்சை பிடித்தது. முதலில் இரண்டு பெண் மான்கள் வந்தன. ஒரு வாரத்தில் ஏழு. நோரீன் ஜன்னல் வழியே பார்த்து ஒவ்வொன்றுக்கும் எங்கள் உறவுக்காரிகளின் பெயரை வைத்தாள். "அந்தக் குண்டு... உங்க அக்கா" என்று சொல்லி அவள் சிரித்தபோது, வாய் ஒரு பக்கம்தான் அசைந்தது. அவள் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாயிருந்தது. எனக்குச் சேர்ந்து சிரிக்கத் தெம்பில்லை. இருந்தாலும் மனசு கொஞ்சம் லேசாயிற்று.

ஜூன் நடுவில் எட்டாவதாக ஒன்று வந்தது. விலா எலும்பை எண்ணலாம். காதுகள் தொங்கின, வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. கால்களை அகட்டி நின்றது. நான் வெளியே போய்க் கைதட்டினேன். மற்றவை பாய்ந்து ஓடின, அது மட்டும் நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்தது. உள்ளே திரும்பி வந்தபோது நோரீனின் முகத்தில் இரத்தமே இல்லை.

"உருக்கி நோய்" என்றாள். "வனத்துறைக்குப் போன் பண்ணு." மானின் மூளையை அரித்து, உடம்பை உருக்கிக் கொல்லும் நோய் அது; மருந்து கிடையாது.

வனத்துறையிலிருந்து ஓர் இளம்பெண் வந்து அதைச் சுட்டு, தலையை மட்டும் பரிசோதனைக்கு எடுத்துப் போனாள். இரண்டு வாரம் கழித்து அவளே நேரில் வந்தாள். நோய் உறுதியாகியிருந்தது.

"இந்தக் குளோவர அழிச்சே ஆகணும்னு சட்டமில்லீங்க ஐயா" என்றாள். "ஆனா இத்தன மான் ஒரே எடத்துல வாய் வச்சா, எச்சில்லயும் புழுக்கையிலயும் பரவும். அந்த நோய் மண்ணுலயே வருஷக்கணக்கா தங்கிடும். யோசிச்சுக்கோங்க."

எனக்கு யோசிக்கவே சலிப்பாக இருந்தது. வேலியோரத்தில் கிளீட்டஸைக் கேட்டேன்.

"விடு மச்சான். நீ அழிச்சா அதுங்க என் சோளத்துக்கு வரும், அவ்வளவுதான்" என்றான். பிறகு கேலியெல்லாம் விட்டுவிட்டு, "அக்காவுக்கு இப்ப இருக்கறது இது ஒண்ணுதான்யா" என்றான்.

நானும் அதையேதான் நினைத்தேன். நோரீனிடம் போய், இந்த வருஷம் இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இழுத்தேன். அவள் இடது கையால் என் சட்டையைப் பிடித்தாள்.

"அதுங்கள நான்தான் கூப்பிட்டேன். சாகறதுக்கா கூப்பிட்டேன்? உழுதுடு."

"உனக்காக முதுகு ஒடியச் சுமந்தேன், நோரீன்."

"தெரியும். எனக்காகவே... உழுது போடு."

ஜூலை முதல் சனிக்கிழமை மண் காய்ந்திருந்தது. டிராக்டரை இறக்கினேன். குளோவர் வெள்ளையாகப் பூத்திருந்தது, தேனீக்கள் மொய்த்தன. எட்டு மாத உழைப்பு இரண்டு மணி நேரத்தில் கறுப்பாகப் புரண்டது. ஒரு தரம் உழுதால் அது சாகாது. பத்து நாளில் திரும்பத் தளிர் விடும், மருந்து அடிக்க வேண்டும், மறுபடி உழ வேண்டும். அதை நினைத்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு இருக்கையிலேயே சாய்ந்துவிட்டேன். இறங்கக்கூட முடியவில்லை.

வீட்டுப் பக்கமிருந்து டண் டண் என்று சத்தம் வந்தது. பின்வாசல் படியில் நோரீன் சுவரில் சாய்ந்து நின்று, திண்டின் மேல் வைத்த பாத்திரத்தை இடது கைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். கத்திக் கூப்பிட அவளுக்குக் குரல் எழும்பாது. கை கால் விழுந்த பிறகு தனியாக அந்தப் படிவரை அவள் வந்ததே இல்லை. விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் இறங்கி ஓடினேன்.

ஒற்றைக் கையால் ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி வைத்து வாட்டியிருந்தாள். ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் பச்சையாக இருந்தது. மேஜை முன்னால் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன்.

"கிளீட்டஸ் வந்தான்" என்றாள் நோரீன். "அடுத்த உழவு அவன் பாத்துப்பானாம்."

"அவனுக்கு இடுப்பு வலியாச்சே?"

"அழுதான். மூஞ்சத் திருப்பிக்கிட்டு... எனக்குத் தெரியாதுன்னு நெனச்சான்."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது.

"அங்க மானுக்குன்னு வேற எதுவும் போட மாட்டேல்ல?" என்று கேட்டாள்.

"மாட்டேன்."

"சரி. போய்ப் படு, எல்டன்."