நெஞ்சுக்குள் வைத்த பட்டை

மகளுக்கு நெஞ்செலும்பு உள்வாங்கி, நடுமார்பில் உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்திருந்தது. தையல்காரியான அம்மா அதை ஆறு வருடம் துணியால் மறைத்தாள். சட்டையின் முன்பக்கம் மடிப்பு வைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தாள். கணவன் கேட்கும்போதெல்லாம், "வளர வளர சரியாயிடும்" என்று வாயை அடைத்தாள். பதின்மூன்று வயதில் மகள் மாடிப்படி பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள்.

"எலும்பு இதயத்தை அமுக்குது. இது அழகுக்காகச் செய்யுற ஆபரேஷன் இல்லம்மா" என்றார் டாக்டர்.

விலாவின் இருபுறமும் வெட்டி, வளைத்த உலோகப் பட்டை ஒன்றை நெஞ்செலும்புக்கு அடியில் செலுத்தி எலும்பை நிமிர்த்தினார்கள். மூன்று வருடம் அது உள்ளேயே இருக்க வேண்டும். மகள் வலியில் பல்லைக் கடித்தாள். ஆனாலும் கட்டின்மேல் விரலை ஓட்டி, "குழியக் காணோம்மா" என்றாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். "கையப் பிடிச்சு மட்டும் தூக்கிடாதீங்க. முதுகுக்குக் கைய அண்டக் குடுத்து எழுப்புங்க."

ஒன்பதாம் நாள் மதியம், மகள் படுத்தபடியே வாந்தி எடுத்தாள். புரையேறிவிடுமோ என்ற பதற்றத்தில் அம்மா அவளுடைய இரண்டு கைகளையும் பற்றி வெடுக்கென்று இழுத்தாள். உள்ளே ஏதோ நழுவியது. கத்தக்கூட முடியாமல் மகள் வாயைத் திறந்தபடி இருந்தாள்.

எக்ஸ்ரேயில் பட்டை சரிந்து கிடந்தது.

"எப்படி ஆச்சு?" என்றார் டாக்டர்.

"தூக்கத்துல நான்தான் புரண்டுட்டேன்" என்றாள் மகள்.

"தலைபாடா அடிச்சுக்கிட்டோமே, கொஞ்சமாவது கவனம் இருக்கா உனக்கு?" என்று அப்பா மகளைப் பார்த்துச் சீறினார். அம்மா எக்ஸ்ரே படத்தை உறைக்குள் திரும்ப வைத்தாள்.

மறுபடி ஆபரேஷன் நடந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது, தையலில் சீழ் கட்டியது. மருந்துக்கு அடங்காததால் பட்டையையே எடுத்துவிட்டார்கள். மறுபடி பட்டை வைக்க இனி ஒரு வருடமாவது காத்திருக்க வேண்டுமாம். வாரம் போகப்போக நெஞ்சு மெல்ல உள்ளே அமிழ்ந்தது.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் அம்மா கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் எழுந்து போனார்.

"ஏண்டி அன்னிக்குப் பொய் சொன்ன?" என்று மகளைக் கேட்டாள்.

"என்மேல வர்ற கோவம் அப்பாவுக்குச் சாயங்காலமே போயிடும். உன்மேல வந்தா போகாதும்மா."

போகவில்லை. அந்த வருடம் முழுக்க அவர் மனைவியிடம் சொல்ல வேண்டியதை மகளிடம்தான் சொன்னார். "உங்கம்மாவ விளக்க அணைக்கச் சொல்லு." மகளும் களைத்த குரலில் அதைத் திருப்பிச் சொன்னாள்.

அடுத்த ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, ராத்திரி கூடத் தங்குவது யார் என்று கேட்டார்கள்.

"நான்" என்றார் அப்பா.

அம்மா மகளின் துணிப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.