எண் பொருந்தாத என்ஃபீல்டு

பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி விஷயத்தில் தென்னூர் வக்கீல் பெலிண்டாவை யாரும் ஏமாற்றிவிட முடியாது. வையம்பட்டியில் ரத்தினவேல் வீட்டில், அவர் விற்க எடுத்துவைத்த என்ஃபீல்டு துப்பாக்கியின் லைசென்ஸை முதலில் படித்தாள். பிறகு குழலிலும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டிலும் பொறித்திருந்த எண்களை ஒப்பிட்டாள்.

"ரெண்டும் வேற வேற எண்ணுங்க. இது உங்க போல்ட்டே இல்லை."

"அதான் சிக்கிச் சிக்கி உயிரை வாங்குது. எல்லாம் என் தம்பி வேலைங்க. அப்பா எங்களுக்கு ஆளுக்கொண்ணு வாங்கி வச்சார். ஒரு தேர்தலுக்கு ரெண்டையும் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சோம். திருப்பி வாங்கிட்டு வந்து ஒரே சாக்குல பிரிச்சுப் போட்டுத் துடைச்சோம். அப்பதான் என்னோடதைக் கெடுத்தான். பதினோரு வருஷமாப் பேச்சில்லை."

பெலிண்டாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பக்கத்திலேயே இருந்த தம்பி வீட்டுக்குப் போனாள். "அண்ணன்தான் என்னோடதைக் கெடுத்தாரு" என்று ஆரம்பித்தவனை அவன் துப்பாக்கியோடு கூட்டிவந்தாள். இரண்டு போல்ட்டையும் கழற்றி மாற்றிப் போட்டாள். இரண்டும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன.

"யாரும் எதையும் கெடுக்கலை. துடைச்ச கையோட மாத்தி மாட்டியிருக்கீங்க, அவ்வளவுதான். எண் பொருந்தின ஜோடி லேசுல கிடைக்காது. ரெண்டையும் நானே வாங்கிக்கிறேன்."

அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விக்கிறதா இல்லைங்க" என்றார்கள், ஒரே குரலில்.

பெலிண்டா கார் சாவியை எடுத்தாள்.

"பரவாயில்லை. அடுத்த தேர்தலுக்கும் ஒண்ணாத்தானே துடைப்பீங்க? அப்ப வரேன்."