நாலாவது விஷயம்

றெஜினாவுக்கு நேரத்தையும் காசையும் வீணாக்குகிறவர்களைக் கண்ணில் காட்டக்கூடாது. மொன்ட்ரியால்-நோரில் அவள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டுக் குசினியில், ஒரு டொலர் கடையில் வாங்கிய முட்டை வடிவ டைமர் ஒன்று இருந்தது. குளிப்பதற்கு ஏழு நிமிடம், மகள் றொஷினியின் வீட்டுப்பாடத்துக்கு நாற்பது, கறி அடுப்பில் இருக்க இருபது என்று எல்லாவற்றுக்கும் அதை ஒருதரம் முறுக்கி வைப்பாள். கோயிலில் பெண்கள் அவளுக்கு ‘மணிக்கூட்டு றெஜினா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

“சிரிக்கட்டும், நாங்கள் வீடு வாங்கேக்கை உவை வாயைப் பிளந்துகொண்டு வருவினம்” என்பாள் புருஷன் அருமைராசாவிடம். அவன் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்த அலுப்பில், “ஓம் ஓம், நீ சொன்னால் சரி” என்று தலையாட்டுவான்.

பியர்பொன்ட்ஸில் ஒரு சின்ன வீடு. அதற்கு முற்பணம் கட்டவேண்டும் என்பதுதான் அவளுடைய கனவு, செபம், எல்லாமே. ஹோட்டல் சலவைப் பகுதியில் நாள் முழுக்க நின்றுகொண்டு விரிப்புகள் மடித்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. கனடாவுக்கு வந்து எட்டு வருடம் வாடகை கொடுத்துக் களைத்தவளுக்குத்தானே அந்த அருமை தெரியும்.

மன்னாரில் இருக்கும் அக்கா செலீனோடு கதைப்பதற்கும் அந்த டைமர்தான். ஞாயிறு காலை எட்டரைக்கு, பூசைக்குப் புறப்படுமுன், டெலிபோன் கார்ட் நம்பரை அழுத்துவாள். அங்கே அப்போது மாலை ஆறரை. செலீனின் வீட்டில் போன் இல்லை. சந்தியில் ஆனந்தராசா வைத்திருந்த கொமினிகேஷன் கடைக்கு அவள் நடந்து வந்து காத்திருப்பாள். பத்து நிமிடம். டைமர் அடித்தால் பேச்சு முடிந்தது. ஐந்து டொலர் கார்டை மூன்று கிழமைக்கு இழுக்கவேண்டுமே.

தொடக்கத்தில் செலீன் இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பழகவில்லை. கோழி அடைகிடக்கும் கதையிலேயே ஐந்து நிமிடம் போய்விடும். றெஜினாவுக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, ஒரு கொப்பி வாங்குங்கோ. கதைக்கவேண்டியதை நம்பர் போட்டு எழுதிக்கொண்டு வாங்கோ. நானும் அப்பிடித்தான் செய்யிறனான்.”

“சரியடி பிள்ளை, நீ சொன்னால் செய்யிறன்” என்றாள் செலீன். அடுத்த கிழமையே, “ஒண்டு, அம்மான்ர திவசப் பூசைக்குச் சொல்லியாச்சு. ரெண்டு, காணி உறுதியைக் காணேல்லை” என்று பள்ளிப்பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல வாசித்தாள். றெஜினாவுக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது.

ஆனால் இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு கோடையில் ஒன்று புதிதாகத் தொடங்கியது. கொப்பியில் எழுதிவந்த மூன்று விஷயமும் வாசித்து முடிந்தபிறகு, செலீன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இன்னொண்டு கிடக்குப் பிள்ளை” என்பாள். சரியாக அந்த நேரம் டைமர் அடிக்கும். “சரி, அது பேந்து சொல்லுறன்” என்று அவளே வைத்துவிடுவாள். அடுத்த கிழமையும் அதே கதை.

றெஜினாவுக்கு அது என்னவென்று விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தாள். காசு. வேறென்ன? ஊரிலிருந்து குரலைத் தாழ்த்திக் கதைத்தவர்கள் எல்லோரும் கடைசியில் காசில்தான் வந்து நின்றார்கள். செலீனின் வீட்டுக் கூரை ஒழுகுவதும் அவளுக்குத் தெரியும். அக்கா வாய்விட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்ல அவளால் முடியாது. கொடுத்தால் முற்பணத்தில் ஓட்டை விழும். அதனால் டைமர் அடிக்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு ஆறுதல் மூச்சு விட்டாள்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு, செலீன் தன் மூன்று விஷயத்தையும் அவசரமாக வாசித்துவிட்டாள். டைமரில் இன்னும் நாலு நிமிடம் இருந்தது.

“றெஜி, இண்டைக்கு நேரம் இருக்கு என்ன? அந்த நாலாவது விஷயம்...”

றெஜினா டைமரைப் பார்த்தாள். கையை நீட்டி அதைப் பூச்சியத்துக்குத் திருப்பிவிட்டாள். அது கிர்ரென்று அடித்தது.

“ஐயோ அக்கா, அடிச்சிட்டுது.”

“அதுக்குள்ளையோ? சரி சரி, வையடி. வாற கிழமை அதைத்தான் முதல் சொல்லுவன்” என்றாள் செலீன். அந்தக் குரலில் ஒரு கோபமும் இல்லை.

அடுத்த ஞாயிறு ஹோட்டலில் ஆள் குறைவு என்று கூப்பிட்டார்கள். ஒன்றரை மடங்கு சம்பளம். றெஜினா போய்விட்டாள். அதற்கு அடுத்த ஞாயிறு அவள் எடுத்தபோது, அக்கா ஆசுபத்திரியில் இருக்கிறா என்று ஆனந்தராசா சொன்னார். மார்பில் புற்றுநோய். ஈரல் வரைக்கும் போய்விட்டது. நவம்பரில் செலீன் கண்ணை மூடினாள்.

செத்தவீட்டுக்குப் போக றெஜினா ரிக்கெற் விலை விசாரித்தாள். அந்தக் கிழமைதான் பியர்பொன்ட்ஸ் வீட்டை விற்கிறவன் விலைக்கு ஒத்துக்கொண்டிருந்தான். “நீ போறதெண்டால் போ, வீடு பேந்து பாப்பம்” என்று அருமைராசா சொல்லத்தான் செய்தான். அவள் போகவில்லை. இங்கேயே பூசை ஒப்புக்கொடுத்தாள். ‘என்ன வருத்தம் எண்டு ஒரு சொல் சொல்லேல்லையே அக்கா’ என்று அழுதாள். அந்த அழுகையில் கொஞ்சம் கோபமும் இருந்தது. மார்ச்சில் பியர்பொன்ட்ஸ் வீட்டுத் திறப்பைக் கையில் வாங்கினார்கள்.

ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போன, கோயில் பெண்களில் ஒருத்தியான அல்போன்சம்மா, திரும்பி வந்ததும் ஒரு பையோடு புது வீட்டுக்கு வந்தாள். “செலீன்ர பெட்டிக்குள்ளை கிடந்ததாம். உன்ர பேர் எழுதிக்கிடக்கெண்டு தந்துவிட்டவை” என்று ஒரு கொப்பியை நீட்டினாள். அவள் போகும்வரைக்கும் றெஜினா அதைத் திறக்கவில்லை.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஞாயிறு. நம்பர் போட்டு, வடிவான எழுத்து. சொல்லி முடித்ததற்கெல்லாம் நேராக ஒரு சரி அடையாளம். யூன் மாதப் பக்கமொன்றில் நாலாவதாக இப்படி இருந்தது: ‘மார்பிலை ஒரு கட்டி. றெஜியிட்டைச் சொல்லோணும்.’ அதற்குச் சரி அடையாளம் இல்லை. அடுத்த பக்கம்: ‘4. கட்டி. போன கிழமை சொல்லேல்லை.’ அதற்கடுத்த பக்கம்: ‘4. கட்டி. கொஞ்சம் பெருத்திட்டுது. ஆரிட்டைக் காட்டுறது எண்டு கேக்கோணும்.’ பக்கம் பக்கமாக நாலாவது விஷயம் மட்டும் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

கடைசிப் பக்கத்தில் நாலு இல்லை. ஒன்று மட்டும்தான்.

‘1. கட்டி. காசு கேக்கேல்லை எண்டதை முதலே சொல்லோணும். பாவம், அவள் பயப்பிடுறாள்.’

றெஜினா அந்த வரியைத் திரும்பவும் வாசித்தாள். அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. டைமரைத் திருப்பியது தெரியாவிட்டாலும், தங்கச்சி எதற்கு ஒளிகிறாள் என்பது தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ‘பாவம்’ என்று எழுதியிருக்கிறாள். சீ, நானும் ஒரு சகோதரமா என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. எட்டரைக்கு, மலிவென்று பத்தாகச் சேர்த்து வாங்கி மேசை லாச்சியில் போட்டிருந்த கார்டுகளில் புதிதாக ஒன்றைச் சுரண்டினாள். ஏன் எடுக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. நம்பரை அழுத்தியதும், முப்பத்தெட்டு நிமிடங்கள் இருக்கின்றன என்று பதிவுக்குரல் ஆங்கிலத்தில் சொன்னது.

“ஹலோ, ஆனந்தராசா கொமினிகேஷன். ஆரைக் கூப்பிட?”

“நான் றெஜினா அண்ணை. கனடாவிலையிருந்து.”

அந்தப் பக்கம் சைக்கிள் மணியொன்று கேட்டது.

“சொல்லுங்கோ தங்கச்சி. ஆரோடை கதைக்க?”

“ஒருத்தரும் வேண்டாம். அண்ணை... நான் எடுக்காத அந்த ஞாயிறு, அக்கா வந்தவவோ?”

“வராமலோ? ஆறரை மணிப் போன் கோலுக்கு அஞ்சரைக்கே வந்து இந்த மர வாங்கிலை குந்தியிருக்கிறவ. கொப்பியை மடியிலை வச்சுக்கொண்டு முணுமுணுத்துப் பாடமாக்குவா, நேரம் வீணாகக்கூடாதெண்டு. அண்டைக்கு நான் கடை பூட்டுமட்டும் எழும்பேல்லை. நான் வீட்டை போகச்சொன்னன். ‘லைன்தான் பிழை அண்ணை. என்ர தங்கச்சி ஒருநாளும் நேரம் தப்பமாட்டாள். இன்னும் கொஞ்சம் பாப்பம்’ எண்டவ.”

றெஜினா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள்.

“தங்கச்சி, கார்ட் ஓடுது. வைக்கட்டோ?”

“வையாதேங்கோ அண்ணை” என்றாள். “அந்த வாங்குக்குப் பக்கத்திலை ரிசீவரை வச்சுவிடுங்கோ. கார்ட் முடியுமட்டும் இருக்கட்டும்.”

ஆனந்தராசா அப்படியே செய்தார். புது வீட்டுக் குசினியில் டைமர் முறுக்காமல் கிடந்தது. றொஷினி வந்து, “மம்மா, பூசைக்கு நேரம் போச்சு” என்று பிரெஞ்சில் கூப்பிட்டாள். றெஜினா அசையவில்லை. முப்பத்தெட்டு நிமிடமும் முடிந்து, லைன் தானாக அறுந்துபோகும்வரை, காதில் வைத்த ரிசீவரை எடுக்கவில்லை.