பத்தாவது வளைவில் ஒரு நீலப்புள்ளி

மேகமலைச் சாலையின் பத்தாவது வளைவில் ஃபர்ஹீன் காரை ஓரங்கட்டியபோது, சாபிராவின் மடியில் போன் அதிர்ந்தது. கம்பத்து ஏலக்காய்க் கடையிலிருந்து அவள் வீட்டுக்காரர் அப்துல் சமது.

"என்ன சாபிரா, புள்ளியவே காணோம்? லொக்கேஷன் வந்தாத்தான் போகணும்னு சொன்னேனா இல்லையா? இனிமே அனுப்ப வேணாம், வண்டியத் திருப்பச் சொல்லு."

கல்யாணம், மௌத்து வீட்டுத் துக்கம், ஆஸ்பத்திரி எதுவும் இல்லாமல், சும்மா ஊர் பார்க்கவென்று சாபிரா உத்தமபாளையத்தை விட்டுக் கிளம்பியது இந்த நாற்பத்தாறு வயதில் இதுதான் முதல் தடவை. இதற்காகப் பக்கத்து வீட்டு டீச்சர் ஃபர்ஹீனும் அவளும் ஒரு மாதமாகப் போனைக் குடைந்திருந்தார்கள். எந்தக் கடையில் தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ் இருக்கிறது, கை கால் கழுவி ஒளு எடுக்கத் தண்ணீர் எங்கே, மதியம் லுஹர் தொழ ஒதுக்கமாக இடம் உண்டா என்று முன்பின் தெரியாத பெண்கள் போட்ட படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்துக் குறித்து வைத்திருந்தார்கள். சமது கேட்டது ஒன்றே ஒன்றுதான். வண்டி போகிற இடமெல்லாம் தன் போனில் தெரிய வேண்டும். இன்றைக்குத் திரும்பிப் போனால் ஆயுசுக்கும் விடமாட்டார்.

காலையிலேயே அனுப்பினோமே என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். அனுப்பித்தான் இருந்தாள், தெருப் பெண்கள் மார்க்கச் சொற்பொழிவு பகிர்ந்துகொள்ளும் பயான் வாட்ஸ்அப் குரூப்புக்கு. ஐம்பத்து மூன்று பேர். போட்ட சலாமுக்குப் பதில் சொல்லச் சோம்பல்படுகிறவர்கள், சின்னமனூரிலிருந்து புள்ளியைப் பார்த்தபடி அவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். 'ஏழாவது வளைவு தாண்டியாச்சு.' 'அங்கன குளிருதா?' 'ஏன் நின்னுட்டாளுக, வாந்தியா?'

ஃபர்ஹீன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். சாபிராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரூப்பில் சமதின் அக்கா மைமூனும் இருக்கிறார். பொம்பளைக்கு எதற்கு ஊர் சுத்தல் என்று பத்து நாளாக முகம் கொடுத்துப் பேசாத நாத்தனார்.

"தப்பா இங்கன அனுப்பிட்டேன், மன்னிச்சுக்கங்க. வீட்டுல திரும்பச் சொல்றாக, வந்துர்றோம்" என்று குரூப்பில் குரல் பதிந்து அனுப்பினாள்.

ஃபர்ஹீன் வண்டியைத் திருப்ப இடம் பார்த்துக்கொண்டிருக்கையில் மறுபடியும் சமது. குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"குரூப்புல உன் குரலக் கேட்டுட்டு அக்கா கூப்புட்டுச்சு. 'ஏலே சமது, அவ எங்க நிக்கிறான்னு தெருவுக்கே தெரியுது, நீ யாவாரத்தப் பாருலே'ங்குது." கடையில் யாருக்கோ விலை சொல்லிவிட்டு வந்தார். "சரி, போயிட்டு வாங்க. எனக்கும் அந்தப் புள்ளிய அனுப்பிவிடு."

சாபிரா அனுப்பினாள். 'மேல சிக்னல் கிடைக்காது. புள்ளி நின்னுட்டாப் பயப்படாதீக' என்று சமதுக்கும் குரூப்புக்கும் சொல்லியும் வைத்தாள்.

மேலே ஏரி இருந்தது, தேயிலை இருந்தது, மூக்கு நுனி சில்லிடும் காற்று இருந்தது. சாபிரா செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் நடந்தாள். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஓடினாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் இறங்கும்போது, அதே பத்தாவது வளைவில் சிக்னல் வந்து போன் விடாமல் அதிர்ந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில் மைமூனிடமிருந்து ஒரு படம். எழுத்து ஒன்றும் இல்லை. மைமூனுக்கென்று அவர் மகன் துபாயிலிருந்து வாங்கி வந்து, இரண்டு வருஷமாக அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்த வெள்ளை ஷூ ஜோடி, கயிறு கோத்து, வாசற்படியில் தெருவைப் பார்த்து இருந்தது.