துவைக்கக் கூடாத ஏழாம் எண்

1

இந்தக் கதை ஒரு துணிமூட்டையிலிருந்து வந்தது. கல்லூரிக் கால்பந்து அணியின் ஜெர்சிகளை வீட்டில் துவைத்துக் கொடுக்கும் குடும்பம். அதில் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பெண். மூட்டையை அவிழ்ப்பது அவள் வேலை. (அவள் என்று எழுதினால்தான் கை ஓடுகிறது. நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: இறுதிப் போட்டி நாளன்று வானம்—

அடித்துவிட்டேன். மூட்டை அவிழ்க்கிறவள் வானத்தைப் பார்ப்பதில்லை.

2

ஏழாம் எண்காரனைக் கொக்கு என்பார்கள். அவ்வளவு உயரம். அணியின் மூட்டையைச் சுமந்து வருபவனும் அவன்தான். வாசலில் குனிந்துதான் நுழைவான். இந்தப் பருவத்தின் முதல் பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். எழவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

அவன் ஜெர்சியைக் கேப்டனே கொண்டுவந்தான்.

"அக்கா, இத மட்டும் தொவைக்காதீங்க. மேட்ச் அன்னிக்கு பெஞ்சுல விரிச்சு வைக்கப் போறோம். அவனும் ஆடுறான்னு இருக்கட்டும்."

அம்மா தலையாட்டினாள். கொக்கின் இடத்தில், மூட்டை அவிழ்க்கிறவளின் அண்ணனை இறக்கினார்கள். மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்தவன். பந்து வந்தால் மரியாதையாக வழிவிடுவான் என்று பெயரெடுத்தவன். ஆறு ஆட்டம், ஆறு வெற்றி. அண்ணன் மட்டும் ஒன்பது கோல்.

3

முதல் ஆட்டம் முடிந்து வந்தபோது ஏழாம் எண் ஜெர்சி லேசாக ஈரமாயிருந்தது. யாரோ தண்ணீர் சிந்தியிருப்பார்கள். இரண்டாவது ஆட்டத்தில் முழங்கையில் புல்கறை. மூன்றாவதில் பிழிந்தால் சொட்டும் போலிருந்தது. முகர்ந்து பார்த்தாள். வியர்வை.

அண்ணனின் பதினெட்டாம் எண்ணில், அவள் போட்ட இஸ்திரிக் கோடுகூடக் கலையவில்லை.

"அம்மா, அண்ணன் ஜெர்சி அழுக்கே ஆகலம்மா."

"சந்தோஷப்படு. உனக்கு ஒரு துணி மிச்சம்."

(ஜெர்சி மாறியிருக்கலாம் என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். மாறவில்லை. கொக்கின் ஜெர்சி அண்ணனுக்குத் தொடைவரை தொங்கும்; மைதானமே சிரித்திருக்கும்.)

4

அண்ணனை எழுதுவதுதான் கடினமாகிக்கொண்டே போகிறது. முன்பெல்லாம், "ஏ வாத்து, அந்த ரகசிய நோட்டுல என்னைத் தீனிப்பண்டாரம்னு எழுதியிருக்கியா?" என்பான். "இன்னும் மோசமா எழுதியிருக்கேன்," என்பாள். அவ்வளவு எளிதான ஆள்.

அரையிறுதி முடிந்த மாலை அவன் வாசலில் தலை குனிந்து நுழைந்தான். குனியும் உயரம் அவனுக்கில்லை.

"தங்கச்சி, குடிக்கத் தண்ணி தர்றியா?"

அண்ணன் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டதே இல்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கொக்குதான் அப்படிக் கேட்பான்.

5

இன்று நான்கு மணிக்கு இறுதிப் போட்டி. மூன்று மணிக்கு வேன் வரும். அந்தத் துணி வெயிலில் ஒரு மணி நேரத்தில் காயும்.

முடிவு ஒன்று: அவள் துவைத்துவிடுகிறாள். அண்ணன் மரியாதையாகப் பந்துக்கு வழிவிடுகிறான். தோற்கிறார்கள். கோப்பை வந்தால் அண்ணனுக்குத் தருவதாக ஒரு தொழிற்சாலை சொன்ன வேலையும் போகிறது. நிமிர்ந்தபடி உள்ளே வந்து, "ஏ வாத்து" என்கிறான்.

முடிவு இரண்டு: துவைக்கவில்லை. கோப்பை வருகிறது. குனிந்து நுழைகிறவனை அம்மா கட்டிக்கொள்கிறாள்.

முடிவு மூன்று: கொக்கு கடைசி ஆட்டத்தையும் ஆடி முடித்து, தானாகவே—

இதை என்னால் முடிக்க முடியவில்லை. போய்விடுவான் என்று எனக்கு யார் சொன்னது? இந்த ஒரு பருவத்துக்காக மூன்று வருடம் ஓடியவன் அவன். அவனிடம் வாளியோடு போய் நிற்க எனக்கும் மனம் வரவில்லை.

6

மணி ஒன்றரை. கொல்லையில் வாளி நிறைய சோப்புத் தண்ணீர். ஏழு மடியில் கிடக்கிறது. நேற்று முழுதும் கொடியில் கிடந்தும் காயவில்லை. பதினெட்டு தோளில்.

உள்ளே படுத்திருந்தவன் எழுந்துவிட்டான்.

"தங்கச்சி, என் ஜெர்சி எங்க?"

எது என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காலடி கொல்லைக் கதவை நோக்கி வருகிறது. நிலையில் குனிவானா, நிமிர்ந்தே வருவானா, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வாளிக்குள் எனக்கு முழங்கைவரை நனைந்துவிட்டது. இனிப் பேனா பிடிக்க முடியாது.