ஆலைச் சங்கத்தின் சேதி மேசை

1938ஆம் ஆண்டு மாசி மாதத்தில், புதுச்சேரிப் பஞ்சாலை ஒன்றின் தொழிலாளர் சங்கம் ஊரே சிரிக்கும்படி ஒரு காரியம் செய்தது.

துறைமுகத்தில் ஆலையின் பெயர் போட்ட பன்னிரண்டு பெட்டிகள் வந்து இறங்கின. அத்தனையும் புது இயந்திரங்கள், அவை ஓட ஆரம்பித்ததும் முந்நூறு பேருக்கு வேலை போய்விடும் என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து செயலாளர் சக்கரபாணியிடம் சொன்னார்கள். மூன்று வாய் ஒரே சேதியைச் சொன்னால் பொய்யாக இருக்குமா? மறுநாள் காலை நானூறு பேர் உள்ளே போகாமல் ஆலை வாசலில் நின்று கோஷம் போட்டார்கள். வெள்ளைக்கார மானேஜர் நிதானமாக வெளியே வந்து, பெட்டிகளை அங்கேயே உடைக்கச் சொன்னார். உள்ளே குடிதண்ணீர்க் குழாய்கள். ஆறு மாதமாகச் சங்கமே மனு மேல் மனுவாகப் போட்டுக் கேட்ட குழாய்கள்!

அன்று சாயங்காலக் கூட்டத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. விசாரித்ததில், மூன்று பேரும் அந்தச் சேதியைக் கேட்டது ஒரே சோடாக்கடையில் என்று தெரிந்தது.

"இனிமே இப்படி ஏமாறக் கூடாது. ஆலை ஆபீசுக்குள்ள நம்ம ஆளு ஒருத்தனை நுழைச்சிடுவோம். காயிதம் எதுவா இருந்தாலும் நம்ம கைக்கு வந்துடும்" என்றார் சக்கரபாணி.

பின்வரிசையிலிருந்து பெர்னதெத் எழுந்தாள். நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்பவள், முப்பது வயது. கன்னியர் மடத்துப் பள்ளியில் ஏழு வருஷம் படித்துப் பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்தவள்.

"எதுக்கண்ணே திருடணும்? பொட்டியில இன்னா இருக்குதுன்னு சுங்க ஆபீசு பலகையில மூணு நாளா ஒட்டியிருக்காங்க. கோயிலுக்குப் போற வழியில நான் படிச்சேனே."

கூடம் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது.

"படிச்சவ ஏம்மா சொல்லல?" சக்கரபாணியின் குரல் ஏறியது.

"நான் படிச்சது சனிக்கிழமை. நீங்க வாசல்ல நிக்கச் சொன்னது திங்கக்கிழமை. எதுக்கு நிக்கிறோம்னு யாரும் சொல்லலியே. நின்னேன், கோஷமும் போட்டேன்."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு சக்கரபாணியே சிரித்துவிட்டார். கூட்டம் கலையும்போது சேதி திரட்டும் பொறுப்பு அவள் தலையில் விழுந்திருந்தது.

பெர்னதெத் கேட்டது அதிகமில்லை. ஒரு மேசை, சுவரில் அடிக்க இரண்டு ஆணி, துண்டுக் காகிதம். ஒரு ஆணிக்கு மேலே 'கண்டது' என்று எழுதினாள். இன்னொன்றுக்கு மேலே 'கேட்டது'. என்ன சேதி, எங்கே, எந்த நாள், பார்த்தவர் யார் என்ற நான்கும் இல்லாத சீட்டை அவள் வாங்கவே இல்லை. கேட்ட சேதியை ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வந்த பிறகுதான் சீட்டு ஆணி மாறும்.

வேலையைப் பங்கு போட்டார்கள். அரசாங்க கெசட்டு வாரா வாரம் நூலகத்துக்கு வரும், அது பெர்னதெத்துக்கு. சென்னைப் பத்திரிகைகள் சக்கரபாணிக்கு. 'மேரி' என்று எல்லோரும் சொல்லும் நகர மன்றத்தின் சுவரொட்டிகளை நெசவுப் பிரிவு இராமதாஸ் பார்த்து வருவார். கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் இரும்புப் பாலம் குஞ்சம்மாளுக்கு.

குஞ்சம்மாளும் நூல் சுற்றுகிறவள்தான். படிக்கத் தெரியாது. ஆனால் பாலத்திலிருந்து கப்பலை நோக்கிச் சரக்குப் படகு கிளம்பினால் எந்தப் படகு, யார் துடுப்புப் போடுகிறான், பொதியில் எந்த முத்திரை என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பார்வையில் பதிந்துவிடும். அவள் சொல்லச் சொல்ல பெர்னதெத் சீட்டு எழுதுவாள்.

"நான் சும்மா கடக்கரையில காத்து வாங்குறேன்னு என் ஊட்டுக்காரரு நெனைக்கிறாரு. சங்க வேலைன்னா நம்ப மாட்டேங்குறாரு" என்று அலுத்துக்கொள்வாள். அலுப்பில் பெருமைதான் அதிகம் இருக்கும்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை ஆலை வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆலையில் நெய்யும் நீலத்துணி ஆப்பிரிக்காவில் விற்கவில்லையாம். அதனால் வருகிற திங்கள் முதல் நூல் சுற்றும் பிரிவில் அறுபது பெண்களுக்கு வேலை கிடையாது. பெர்னதெத் பெயரும் குஞ்சம்மாள் பெயரும் அதில் இருந்தன.

சிலர் வாசலிலேயே அழுதார்கள். சில ஆண்கள் மறுநாளே வேலைநிறுத்தம் என்று குதித்தார்கள். சக்கரபாணி, ஆறு மாதத்துக்கு முன்பு இருந்த சக்கரபாணியாக இல்லை.

"சனிக்கிழமை சர்க்காரு தொழில் அதிகாரியைப் பாக்க நேரம் கேட்டிருக்கேன். அதுவரைக்கும் யாரும் வாயைத் தொறக்காதீங்க. பெர்னதெத்து, துணி விக்கலன்னு சொல்றது நெசமா?"

"பாத்துட்டுச் சொல்றேண்ணே."

இரண்டு நாள் சாயங்காலமும் சேதி மேசையைச் சுற்றிக் கூட்டம். கெசட்டில் சுங்க இலாகா போட்ட மாதப் பட்டியல்: மூன்று மாதமாக ஆப்பிரிக்காவுக்குப் போன நீலத்துணி ஏறிக்கொண்டே இருந்தது. அதே கெசட்டில் ஆலையின் விளம்பரம்: சாயத்துக்கு அவுரியும் கொதிகலனுக்கு விறகும் சென்ற வருஷத்தைவிட ஒன்றரை மடங்கு வேண்டும். கப்பல் கம்பெனி ஒட்டிய அறிவிப்பு: அடுத்த மாதக் கப்பலில் பாதி இடம் துணிப் பொதிகளுக்கு.

"ஆனியில மட்டும் நாப்பத்தெட்டு படகு போச்சு, எழுதிக்கோ" என்றாள் குஞ்சம்மாள்.

பெர்னதெத் பழைய சீட்டுகளைப் புரட்டினாள். "ஆறு படகுல முத்திரை எழுதலியே. அது நம்ம ஆலைப் பொதிதானா?"

"பாலத்துக்கு வேற யாரு பொதி வருது? என்னையே சந்தேகப்படுறியா?"

"உன்னை இல்லக்கா. அந்த ஆறு படகைத்தான்."

குஞ்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். பெர்னதெத்துக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் அந்த ஆறை அவள் எழுதவில்லை. மறுநாள் மதியம் குஞ்சம்மாளே மூச்சு வாங்க வந்து நின்றாள். படகுக்காரர்கள் இருக்கும் குருசுக்குப்பம் வரை நடந்து, அந்தப் படகுகளை ஓட்டிய வடிவேலைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள்.

"நீ சொன்னதுதான் சரி. ஆறும் பக்கத்து ஆலைப் பொதியாம். நாப்பத்திரெண்டுன்னு போடு" என்றவள், "தண்ணி குடு மொதல்ல" என்று உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை தொழில் அதிகாரியின் அறையில் மானேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சக்கரபாணி வணக்கம் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள, பெர்னதெத் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரெஞ்சில் படித்தாள். முதல் இரண்டில் தடுமாறினாள். மூன்றாவது சீட்டில் குரல் தெளிந்தது.

மானேஜர் நிமிர்ந்தார். "என் ஆபீசிலிருந்து இதையெல்லாம் கொடுத்தது யார்?"

"நீங்கள்தான், மிசியே" என்றாள் அவள். கெசட்டைத் திருப்பி விளம்பரத்தின் அடியில் இருந்த அவர் பெயரைக் காட்டினாள்.

அதிகாரி இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

"படகுக் கணக்கு தப்பு. அதில் சில பக்கத்து ஆலையுடையவை. எனக்கு நன்றாகத் தெரியும்" என்றார் மானேஜர் வேகமாக.

"ஆமாம், ஆறு படகுகள். அவற்றைக் கழித்துவிட்டுத்தான் நாற்பத்திரண்டு என்று சொன்னோம்."

அதிகாரி கெசட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். துணி விற்காமல் இல்லை. அறுபது பேரின் வேலையையும் மிச்சமிருக்கும் பெண்களின் தலையில் கட்டும் திட்டம் அது என்பது அதிகாரிக்கு விளங்கிவிட்டது. அவர் பேனாவைத் திறந்து உத்தரவு எழுதத் தொடங்கினார். பத்தே நிமிஷத்தில் அறிவிப்பைத் திரும்பப் பெறுவதாக மானேஜர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே அறுபது பேரும் வெயிலில் காத்திருந்தார்கள். பெர்னதெத் சீட்டுகளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அவ்வளவுதான், குஞ்சம்மாள் அவளை இடுப்போடு தூக்கிவிட்டாள். "எறக்கி வுடுக்கா, சீட்டெல்லாம் பறக்குது!" என்று அவள் கத்தியதை யார் கேட்டார்கள்? பெண்கள் கும்மி கொட்டிக்கொண்டே கடற்கரைச் சாலையில் நடந்தார்கள். ரோந்து வந்த போலீஸ்காரர் என்ன திருவிழா என்று கேட்டார். சக்கரபாணி அவர் கையிலும் ஒரு பிடி பொட்டுக்கடலையும் வெல்லமும் வைத்தார்.

அடுத்த மாதமே படகுக்காரர்கள் தங்களுக்கும் ஒரு சேதி மேசை வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். பெர்னதெத்தைத்தான் கேட்டார்கள். அவள் குஞ்சம்மாளை அனுப்பினாள்.

"எழுத்தே தெரியாதவ நான் போயி இன்னாத்தடி சொல்லுவேன்?"

"சந்தேகம்னு வந்ததும் குருசுக்குப்பத்துக்கு நடந்தே போனியே, அதைச் சொல்லு. எழுத அவங்கள்ல யாராவது இருப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்தில், பாலத்தடியில் நாற்பது படகுக்காரர்கள் மணலில் உட்கார்ந்திருக்க, புதுப் புடவை கட்டிக்கொண்டு குஞ்சம்மாள் எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். சோடாக்கடைக் கதையிலிருந்துதான் ஆரம்பித்தாள். அவர்கள் சிரித்து அடங்க வெகு நேரம் ஆயிற்று.