ஸாலிஹ் பாஸின் பலகை

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் மேசன் ஸாலிஹ் பாஸ் கட்டாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் வேலை நடந்த காலத்தில் மூங்கில் சாரத்தில் தொங்கிய பலகை ஒன்றிலாவது அவர் பேர் இருந்ததில்லை. வேலையைக் கொந்தராத்துக்கு, குத்தகைக்கு, எடுத்தது சிவானந்தன்; பலகையும் சிவானந்தனுடையது. கல் வைத்தது, கூரை ஏற்றியது, வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டியது எல்லாம் ஸாலிஹ் பாஸ்.

இப்போது ஒரு புதுச் சட்டம். பழைய மேசன்மார் தாங்கள் கட்டிய வீடு ஒன்றைக் காட்டினால் சொந்தப் பேரில் லைசன் உண்டாம். வெள்ளைக்காரன் சும்மா எதையும் நீட்டமாட்டான் என்பது ஸாலிஹ் பாஸின் கட்சி. ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஒரு தடவையாவது தன் பேரைச் சாரத்தில் ஏற்றாமல் மௌத்தாவதா?

லைசன் கொடுக்கிற அரசாங்கக் கந்தோருக்குப் போனார். அங்கிருந்த ஐயா கடதாசிகளைப் புரட்டினார்.

"எல்லா வீடும் சிவானந்தன் பேரிலதான் இருக்கு. நீர் கட்டினதெண்டு ஆர் சொல்லுறது?"

"சுவர் செல்லும். போய்க் கேளுங்க."

"சுவர் இஞ்ச வந்து சாட்சி சொல்லாது, பாஸ். வியாழக்கிழமை ஒரு வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாரும்."

கேட்ட வீட்டுக்காரர் எல்லாரும் கையை விரித்தார்கள். சிவானந்தனிடம் வீட்டு வேலையைக் கொடுத்தோம், சிவானந்தனிடம் பூட்டுத் திறப்பை வாங்கினோம், கல் வைத்தவன் யாரென்று கண்டோமா என்றார்கள்.

"புளோறன்ஸ் நோனா ஈக்கிறாதானே," என்றாள் மனைவி றலியா.

"அந்த மனிசிட்டயா? போகமாட்டன்."

காரணம் இருந்தது. அவள் வீட்டை இவர் கட்டியபோது, கடல் பார்க்க மேற்குச் சுவரில் யன்னல் வேண்டுமென்று புளோறன்ஸ் நோனா ஒற்றைக்காலில் நின்றவள். தென்மேற்கு மழை வீட்டுக்குள் அடிக்கும் என்று இவர் மறுத்தார். கடைசியில் அவள் சேர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து, யன்னலுக்கென்று விட்டிருந்த இடைவெளியைக் கல் வைத்து அடைத்துவிட்டார். அன்றிலிருந்து காலி வீதியில் இவரைக் கண்டால் அவள் குடையைச் சரித்து முகத்தை மறைத்துக்கொள்வாள்.

வேறு வழியில்லை. போனார்.

"என்ன பாஸ், மிச்ச யன்னலையும் அடைக்க வந்தனீரோ?"

வந்த காரியத்தைச் சொன்னார். அவள் கதவைச் சாத்தினாள். மனுசரை நம்பினால் இதுதான் என்று முணுமுணுத்தபடி திரும்பினார்.

வியாழக்கிழமை றலியாதான் அவரைப் போகச் சொல்லித் தள்ளிவிட்டாள். கந்தோர் மர வாங்கில், குடையை மடியில் வைத்தபடி, புளோறன்ஸ் நோனா உட்கார்ந்திருந்தாள்.

"சிவானந்தன் பலகை தொங்கவிட்ட அண்டைக்கு நான் அவரைக் கண்டதுதான், ஐயா," என்று தொடங்கினாள். "அத்திவாரத்தில இருந்து ஓடு வரைக்கும் இந்த மனுசனோடதான் சண்டை. நான் இல்லாத நேரம் என்ர யன்னலை அடைச்சதும் இவர்தான்!"

"அப்ப வீடு சரியில்லையோ?"

"ஆர் சொன்னது? வீடு அருமையான வீடு. ஆளின்ர வாய்தான் கோணல்."

கந்தோரே சிரித்தது. ஐயா முத்திரையை எடுத்துக் குத்தினார்.

வெளியே வந்ததும் அவள் குடையை விரித்தாள். "இப்ப லைசன் இருக்கு. வந்து என்ர யன்னலைத் திறந்துவிடும்."

"மழ அடிக்கும், நோனா."

"அடிக்கட்டும்."

"மேல ஒரு மறைப்பு வெப்பன். அதுக்கு நீங்க வாய் தொறக்கப்படாது."

"வையும். பலகையைக் கொண்டு வாரும்."

அடுத்த வாரம் அவர் மேற்குச் சுவரில் யன்னலைத் திறந்துவிட, கடல் மண்டபத்துக்குள் வந்து நின்றது. பலகையை எழுதியவனை ஸாலிஹ் பாஸ் நம்பவில்லை. றலியாவைக் கூப்பிட்டு எழுத்தெழுத்தாக வாசிக்கச் செய்தார். பேர் சரிதான். ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும் உயரத்தில் ஏற்றிக் கட்டினார்.

"பலகை கோணல், பாஸ்," என்றாள் புளோறன்ஸ் நோனா, புது யன்னலில் நின்று.

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு மட்டம் வைத்துப் பார்த்தார். கோணல்தான். நேராக்கினார். பிறகு சாரத்தை விட்டு இறங்காமல், பலகைக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பாணந்துறை ரயில் வருகிற சத்தம் கேட்டது.